கேரையின் வயது

(தூத்துக்குடியில் மீனவர்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



இந்த மேசையில், ஐஸ் தட்டில் இரண்டு மீன் கிடக்கிறது. காலையில் ஏலத்தில் எடுத்தது. முன்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்க்கலாம். பின்னால் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வாருங்கள். அதுவரை குழம்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். இரண்டும் மூக்கு நுனியிலிருந்து வால் கவட்டை வரை 45 சென்டிமீட்டர். எடை இரண்டும் இரண்டு கிலோவை ஒட்டி. இடப்பக்கம் இருப்பதன் வயிற்றில் நீளவாக்கில் நாலைந்து கறுப்பு வரி ஓடுகிறது. அது வரிச்சூரை. மாலத்தீவிலும் மினிக்காயிலும் அவித்து, புகைபோட்டு, உலர்த்தி, மாசிக் கருவாடாக நம் அடுப்படிக்கு வருகிற மீன். வலப்பக்கம் இருப்பதற்கு வயிறு வெள்ளி. உற்றுப் பார்த்தால் வெளுத்த கோடும் புள்ளிவரிசையும் மாறி மாறித் தெரியும். அது கேரை. புத்தகத்தில் மஞ்சள் துடுப்புச் சூரை என்பார்கள், இலங்கையில் கெலவல்லா என்பார்கள். பெரிய கேரைக்கு முதுகிலும் அடியிலும் அரிவாள் வளைவாக நீண்டிருக்கும் மஞ்சள் துடுப்பு இதற்கு இன்னும் வளரவில்லை.

இடப்பக்க மீன் தாய். வலப்பக்க மீன் பிள்ளை. இதை ஏலக்கூடத்தில் சொன்னால், ‘ரெண்டும் ரெண்டு கிலோதானே அண்ணாச்சி’ என்பார்கள். தராசுக்கு அப்படித்தான் தெரியும். கேரையைப் பற்றி இந்தியப் பெருங்கடல் நாடுகள் பத்து வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கும் சண்டையின் வேர் இந்த இரண்டு மீனுக்குள்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் வயிற்றைப் பார்ப்போம். காலையிலேயே இரண்டையும் கீறிவிட்டேன். வரிச்சூரையின் சினைப்பை இரண்டு மடலாக, வயிற்றறையின் நீளத்துக்கு, மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறத்தில், மேலே இரத்தக்குழாய் பின்னிக்கொண்டு கிடக்கிறது. விரலால் அமுக்கினால் உள்ளே மணல் இருப்பது தெரியும். அந்த மணல்தான் முட்டை. கேரையின் வயிற்றில் அதே இடத்தில் இருப்பது இரண்டு மெல்லிய நூல். ஆணா பெண்ணா என்றுகூட வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தால்தான் பாலே தெரியும்.

வரிச்சூரைப் பெண்கள் 40 சென்டிமீட்டர் வாக்கில் பாதிக்குப் பாதி முதிர்ச்சி அடைந்துவிடுகின்றன. ஒன்று, ஒன்றரை வயது. அதன்பிறகு தண்ணீர் 24 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் இடமெல்லாம், வருடம் முழுக்க முட்டையிடும். காலம் பார்க்காது, நாள் பார்க்காது. உலகத்தில் அதிகம் பிடிபடும் சூரை இனமாக இருந்தும் இந்த மீன் இன்னும் தாக்குப்பிடிக்கிறது என்றால் அதற்கு இந்த அவசரம்தான் காரணம். இந்தியப் பெருங்கடலில் மட்டும் வருடத்துக்கு ஆறு லட்சம் டன்னைத் தாண்டிப் பிடித்த ஆண்டுகள் உண்டு. 2023 மதிப்பீட்டிலும் இருப்பு நல்லபடியாக இருக்கிறது என்றுதான் வந்தது.

கேரையின் கதை வேறு. மேற்கு இந்தியப் பெருங்கடல் கேரைகளின் சினையை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஒரு முக்கியமான ஆய்வு இரண்டு அளவு சொன்னது: 75 சென்டிமீட்டர், 102 சென்டிமீட்டர். ஒரே ஆய்வில் எப்படி இரண்டு? முட்டைக்குள் மஞ்சள் கரு சேருவதற்கு முன்னால் ஒரு கட்டம் உண்டு. முட்டையின் உள்ளோரத்தில் சிறு சிறு குமிழ் தோன்றும். அந்தக் கட்டம் வந்தாலே பருவம் எய்தியது என்று எடுத்துக்கொண்டால் 75. மஞ்சள் கரு உண்மையிலேயே சேர்ந்திருக்க வேண்டும் என்றால் 102. இரண்டுக்கும் இடையில் எடையில் பன்னிரண்டு கிலோ வித்தியாசம்! கிழக்குப் பசிபிக்கில் கர்ட் ஷேஃபர் 1998இல் வெளியிட்ட விரிவான ஆய்வில் பெண்ணுக்கு வந்த அளவு 92. நான் ஒரு மீட்டர் பக்கம் நிற்கிறவன். குமிழ் தோன்றிய மீன் எல்லாம் அந்தப் பருவத்திலேயே முட்டையிட்டுவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சமைந்த பெண் எல்லாம் பிள்ளை பெற்றவள் ஆகிவிடுவாளா?

ஆக, ஒரு மீட்டர், இருபது கிலோ. அந்த அளவை எட்டும்போது அதற்கு என்ன வயது? இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

குளிர்நாட்டு மீனுக்கு வயது சொல்வது எளிது. கோடையில் வேகமாகவும் குளிரில் மெதுவாகவும் வளர்வதால் செதிலிலும் எலும்பிலும் ஆண்டுக்கு ஒரு வளையம் விழும், எண்ணிவிடலாம். வெப்பக் கடலில் திரியும் கேரைக்கு அந்தப் பருவ வேறுபாடு மங்கலாக இருப்பதால், வளையமும் மங்கல். பழைய ஆய்வாளர்கள் செதிலை எண்ணினார்கள், முதுகெலும்பை எண்ணினார்கள், மாதாமாதம் சந்தைக்கு வரும் மீன்களின் நீளம் எப்படி நகர்கிறது என்று பார்த்து ஊகித்தார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு ஒத்துவரவில்லை.

வழி காட்டியது ஒரு கல். மீனுக்கு வெளியே காது இல்லையே தவிர, மண்டையோட்டுக்குள் மூளைக்கு அடியில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு சுண்ணாம்புக் கற்கள் உண்டு. செவிக்கல் என்கிறோம். மீன் நிலைதடுமாறாமல் நீந்தவும், ஒலியை உணரவும் அது வேண்டும். மூன்றில் பெரியதை எடுத்துத்தான் வயது பார்ப்பது. பெரியது என்று பேர். ஒரு மீட்டர் கேரையிலும் அது விரல் நகத்தளவுக்கு மேல் இராது. மண்டையைக் கண்ணுக்கு மேலாகக் கிடைவாக்கில் சீவி, மூளையை ஒதுக்கிவிட்டு, இடுக்கியை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். அவசரப்பட்டால் நுனி ஒடிந்துவிடும். எடுத்த கல்லைக் கழுவி, காயவைத்து, ரெசினில் பதித்து, வைரத் தகட்டால் குறுக்கே சீவி, சீவலை இரண்டு பக்கமும் தேய்த்துத் தேய்த்து ஒளி ஊடுருவும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதிகமாகத் தேய்த்தால் கருவே காணாமல் போய்விடும். சரியாக வந்தால், நடுவிலிருந்து ஓரம் வரை அடுக்கடுக்காக மயிரிழைக் கோடுகள் தெரியும்.

1971இல் ஜார்ஜியோ பனெல்லா என்ற ஆய்வாளர், இந்தக் கோடுகளில் சில நாளுக்கு ஒன்றாக விழுகின்றன என்று எழுதினார். ஆண்டு வளையம் இல்லையென்றால் என்ன, நாள் வளையம் இருக்கிறது! மீன் பிறந்தநாள் தொட்டு ஒவ்வொரு நாளும் தன் தலைக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. ஆனால் நாளுக்கு ஒன்றுதான் என்று எப்படி நம்புவது? அதற்கும் ஒரு வழி உண்டு. உயிரோடு பிடித்த மீனுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி போடுவது. நமக்குக் காய்ச்சலுக்குப் போட்டார்களே, அந்த வகை மருந்துதான். அது சுண்ணாம்போடு சேர்ந்து அன்றைய கோட்டில் படிந்துவிடும். முதுகில் ஓர் அடையாளக் குழலைச் செருகி மீனைக் கடலில் விட்டுவிட வேண்டும். மாதங்கள் கழித்து யாராவது பிடித்துக் கொடுத்தால், செவிக்கல்லைப் புற ஊதா ஒளியில் வைத்தால் ஊசி போட்ட நாள் ஒளிரும். அங்கிருந்து ஓரம் வரை எத்தனை கோடு, நடுவில் கழிந்தது எத்தனை நாள் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்தியப் பெருங்கடலில் 2005 முதல் 2007 வரை இதைப் பெரிய அளவில் செய்தார்கள். பெரும்பாலும் தான்சானியாக் கடலில். தூண்டிலில் பிடித்து, அளந்து, குறியிட்டு, கடலில் விட்ட சூரை வகைகள் ஏறத்தாழ 1,68,000. அவற்றில் சில ஆயிரம் மீன்களுக்கு ஊசியும் போட்டார்கள். முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட மீன்கள் திரும்பப் பிடிபட்டன. கடல் ஆராய்ச்சியில் இவ்வளவு பேர் திரும்பி வருவது பெரிய காரியம். அந்தக் குழலை எடுத்து ஒப்படைத்தவர்கள் கப்பல் தொழிலாளர்களும் துறைமுகத்துக் கூலிக்காரர்களும்தான். ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் அவர்கள் பேர் வராது.

அந்த மீன்கள் சொன்ன கதை எல்லோரும் எதிர்பார்த்ததுபோல் இல்லை. பொதுவாக மீன் சிறிதாக இருக்கையில் வேகமாக வளர்ந்து, வயதாக ஆக வேகம் குறையும். கேரையில் இரண்டு கட்டமாகத் தெரிந்தது. 60, 65 சென்டிமீட்டர் வரை நிதானம். அதைத் தாண்டியதும் ஒரு பாய்ச்சல். அதன்பின் மீண்டும் நிதானம். ஏன் என்பதற்கு ஒருவர் உணவைச் சொல்கிறார், ஒருவர் ஆழத்தைச் சொல்கிறார். சிறிய கேரை வரிச்சூரைக் கூட்டத்தோடு மேற்பரப்பிலேயே சுற்றி, கிடைத்ததைப் போட்டிபோட்டுத் தின்கிறது. உடம்பு பெருத்து, உடலின் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளும் வலு வந்ததும் ஆழத்துக்கு இறங்கி வேறு இரை தேடுகிறது என்பது ஒரு விளக்கம். பின்னால் வந்த செவிக்கல் ஆய்வுகளில், தொடக்கத்து நிதானம் அவ்வளவு அழுத்தமாக இல்லை; சிறு மீன் நாம் நினைத்ததைவிட வேகமாகவே வளர்கிறது என்று தெரிகிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. இரண்டு தரப்புக்கும் பொதுவாக இருப்பதைச் சொல்கிறேன்: ஒரு மீட்டர் கேரைக்கு வயது இரண்டிலிருந்து மூன்றுக்குள். தட்டில் கிடக்கிற இதற்கு ஏறத்தாழ ஒன்று.

அதிகபட்ச வயது எவ்வளவு என்பதும் மாறிவிட்டது. பழைய நூல்களில் ஏழெட்டு ஆண்டு என்று இருக்கும். 1950களிலும் 60களிலும் வானத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றிலும் கடலிலும் கதிரியக்கக் கரிமம் கூடியது. அது பவளத்தில் பதிந்தது, மீனின் செவிக்கல்லிலும் பதிந்தது. கல்லின் நடுக்கருவில் இருக்கும் அளவை, பவளத்தில் ஆண்டுவாரியாகத் தெரிந்த அளவோடு ஒப்பிட்டால் பிறந்த ஆண்டு கிடைத்துவிடும். 2020இல் வெளியான ஓர் ஆய்வு, வடமேற்கு அட்லாண்டிக் கேரைகளை இப்படிச் சோதித்து 16 முதல் 18 ஆண்டுவரை வாழ்கின்றன என்று காட்டியது. நம் பக்கத்துக் கடலில் இதுவரை செவிக்கல்லில் பார்த்த முதிய மீன்கள் பத்து வயதை ஒட்டியவை. அணுகுண்டால் விளைந்த நல்ல காரியம் என்று தேடினால் இந்த வயதுக் கணக்கு ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது.

இனி முட்டை. பள்ளிப் பிள்ளைகளிடம் பேசும்போது, கேரை ஒரே ஈற்றில் 30 லட்சம் முட்டை இடும் என்றால் ‘ஹா’ என்று வாய் பிளப்பார்கள். நான் சொன்ன 2013 ஆய்வில் கிடைத்த சராசரி அதுதான். மூன்று லட்சத்திலிருந்து 69 லட்சம் வரை, தாயின் உடம்பைப் பொறுத்து. ஒரு முட்டை ஒரு மில்லிமீட்டர் குறுக்களவு. கணக்குப் போட்டால் 30 லட்சம் முட்டை ஒன்றரைக் கிலோ வருகிறது, அதில் பெரும்பகுதி கடைசி நேரத்தில் முட்டை உறிஞ்சிக்கொள்ளும் தண்ணீர். எங்கள் தொழிலில் இந்தத் தண்ணீர் ஏறிய முட்டைதான் பெரிய சாட்சி. சினையில் கண்ணாடி மணியாகத் தெளிந்த முட்டையைப் பார்த்தால் அந்த மீன் இன்றைக்கே இடப்போகிறது. முட்டை வெளியேறியதும் அதைச் சுமந்திருந்த உறை சுருங்கிக் கிடக்கும். 24 மணி நேரத்துக்குள் அது கரைந்து மறைந்துவிடும். ஆகவே அந்த உறையைப் பார்த்தால் நேற்று இரவு இட்டிருக்கிறது. நூறு பெண் மீனில் எத்தனையில் அந்த உறை தெரிகிறது என்று எண்ணினால், எத்தனை நாளுக்கு ஒருமுறை இடுகிறது என்று கணக்கிடலாம். ஷேஃபர் கிழக்குப் பசிபிக்கில் இப்படி எண்ணிக் கண்டது: பருவத்தில் இருக்கும் பெண் ஏறத்தாழ ஒன்றரை நாளுக்கு ஒருமுறை முட்டையிடுகிறது. ராத்திரியில்.

ஒன்றரை நாளுக்கு ஒருமுறை! இரண்டு மாதம் அப்படி இட்டால் நாற்பது ஈற்று, பன்னிரண்டு கோடி முட்டை. சினைப்பைக்குள் ஒரு பக்கம் இன்றைக்கு இட வேண்டியது, ஒரு பக்கம் நாளை மறுநாளுக்கு, ஒரு பக்கம் அடுத்த மாதத்துக்கு என்று எல்லாப் பருவத்து முட்டையும் ஒரே சமயத்தில் இருக்கும். அதனால்தான் கேரை இந்த வருடம் மொத்தம் எத்தனை முட்டை இடும் என்று சினையைப் பார்த்து முன்கூட்டிச் சொல்ல முடியாது. தின்னக் கிடைத்தால் தொடரும், கிடைக்காவிட்டால் நிறுத்திவிடும்.

பனாமா நாட்டில், அசுவேரோ தீபகற்பத்தின் கரையில் அச்சோட்டினெஸ் என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே 17 மீட்டர் விட்டமும் 6 மீட்டர் ஆழமும் உள்ள தொட்டியில் கேரைகளை வளர்க்கிறார்கள். 1996 அக்டோபரில் அவை தொட்டிக்குள்ளேயே முட்டையிடத் தொடங்கின; அதன்பின் தண்ணீர் சூடாக இருக்கும்வரை அநேகமாக நாள்தோறும். ஹார்மோன் ஊசி கிடையாது. ஆண்கள் பெண்ணைத் துரத்தும், உடம்பு நிறம் மின்னி மாறும், பிறகு நீரில் முட்டையும் விந்தும் கலக்கும். ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்துவிடும். வெளிவரும் குஞ்சுக்கு நீளம் இரண்டரை மில்லிமீட்டர், கண்ணில் நிறமில்லை, வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வாய் திறக்கும்போது கரு தீர்ந்திருக்கும். அன்று இரை எதிரே வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் முடிந்தது. தப்பிப் பிழைத்தவை இரண்டு மூன்று வாரத்தில் தம் சொந்தக் கூட்டத்துக் குஞ்சுகளையே விழுங்க ஆரம்பித்துவிடும்.

பன்னிரண்டு கோடியில் இரண்டு பிழைத்துப் பெரிதானால் போதும், கடலில் கேரையின் எண்ணிக்கை குறையாது. இரண்டுக்குக் கொஞ்சம் கூடினால் அமோகம், குறைந்தால் சரிவு. ஆகவே, ‘கோடிக் கணக்கில் முட்டையிடுகிற மீனைப் பிடித்துத் தீர்க்க முடியுமா’ என்று யாராவது மேடையில் கேட்டால், அவர் கோடியை மட்டும் எண்ணுகிறார், மூன்றாம் நாள் திறக்கும் வாயை எண்ணவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டையிடும் வயதுவரை எத்தனை பெண்கள் போய்ச் சேருகின்றன என்பதுதான் கேள்வி.

இதில் இன்னொரு முடிச்சு. ஒன்றரை மீட்டரைத் தாண்டிய கேரைகளைப் பார்த்தால் அநேகமாக எல்லாம் ஆண். பெண்ணைத் தேட வேண்டியிருக்கும். நாள்விட்டு நாள் முட்டை இட்டு உடம்பு ஓய்ந்து பெண் முன்கூட்டிச் செத்துவிடுகிறதா, அல்லது எல்லாச் சத்தும் சினைக்கே போவதால் பெண் அந்த அளவுக்கு வளர்வதே இல்லையா? இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். எதுவானாலும், ஏலத்தில் எல்லோரும் சுற்றி நின்று படம் எடுக்கிற ராட்சத மீன் பெரும்பாலும் ஆண். முட்டையிடுகிற பெண்கள் ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் இருக்கிறார்கள்.

எங்கே, எப்போது இடுகிறது? முக்கியமாக டிசம்பரிலிருந்து மார்ச் வரை, நிலநடுக்கோட்டுக்கும் தெற்கே 10 டிகிரிக்கும் இடையில், கிழக்குத் தீர்க்கரேகை 75 டிகிரிக்கு மேற்கே. அதாவது செஷெல்ஸ் பக்கத்து நடுக்கடல். இரண்டாம் தரமான இடங்கள் இலங்கைக்கு அப்பால், மொசாம்பிக் கால்வாயில், ஆஸ்திரேலியாப் பக்கத்தில். அப்போது பிறந்தவை ஜூலை வாக்கில் 30 சென்டிமீட்டர் அளவில் வலைக்கு எட்ட ஆரம்பிக்கும். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, அது மீன் முட்டையிடும் காலம் என்று நாளிதழில் வருடாவருடம் போடுகிறார்கள். கரையோர மீனுக்கு அது பொருந்தலாம். கேரைக்கு அந்த நாள்காட்டி தெரியாது. அதன் பிரசவ அறை நம் எல்லைக்கு வெளியே.

இப்போது வலைக்கு வருவோம். 1980களின் தொடக்கத்தில் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்கள் அட்லாண்டிக்கை விட்டு செஷெல்ஸ் பக்கம் வந்தன. அவர்கள் போடுவதும் சுருக்குமடிதான். ஆனால் நம் ஊரில் சண்டை நடக்கிற சுருக்குமடியைப் போலப் பல மடங்கு பெரியது. முதலில் கடலில் தானாகத் திரியும் பெரிய கேரைக் கூட்டத்தைத் தேடிப் பிடித்தார்கள். பிறகு, கடலில் மரக்கட்டை மிதந்தால் அதன் அடியில் மீன் கூடும் என்ற, நம் மீனவர்களுக்கும் பாட்டன் காலத்திலிருந்து தெரிந்த சங்கதியைத் தொழிலாக்கினார்கள். மூங்கில் தெப்பம், அடியில் தொங்கும் பழைய வலை, மேலே செயற்கைக்கோள் மிதவை. மிதவையில் எதிரொலிமானி வேறு. தெப்பத்துக்குக் கீழே எவ்வளவு மீன் கூடியிருக்கிறது என்பதைக் கப்பலில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

தெப்பத்தின் அடியில் கூடுவது யார்? வரிச்சூரை. அதோடு, அதே அளவுள்ள கேரைக் குஞ்சு. கொஞ்சம் பெருங்கண் சூரைக் குஞ்சும். அளவு ஒன்றாக இருக்கிற மீன்கள் ஒன்றாகத் திரிகின்றன. வலைக்கு வித்தியாசம் தெரியாது; அடித்து மேலே எடுத்தால் ஒரு தாய்க்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை. கேரைக் குஞ்சையும் பெருங்கண் குஞ்சையும் பிரித்துச் சொல்வதற்கு எங்களைப் போன்றவர்கள் சில சமயம் வயிற்றைக் கிழித்து ஈரலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெருங்கண்ணுக்கு ஈரலின் ஓரத்தில் இரத்தநாள வரி இருக்கும், கேரைக்கு வழவழப்பு. கப்பல் தளத்தில் டன் கணக்கில் கொட்டும்போது யார் ஈரல் பார்ப்பது?

டன் என்ற அளவே இங்கே ஏமாற்றுகிறது. 50 கிலோ கேரை ஒரு டன் என்றால் 20 மீன். இரண்டு கிலோக் கேரை ஒரு டன் என்றால் 500 மீன். பேச்சுவார்த்தை மேசையில் இரண்டும் ஒரு டன். சிறு மீனில் பெரும்பாலானவை எப்படியும் சுறாவுக்கோ கொப்பரனுக்கோ இரையாகியிருக்கும் என்பார்கள், அது உண்மைதான். ஒரு கணக்குக்காக, நூறு குஞ்சை விட்டுவைத்து, இரண்டு வருடத்தில் எண்பது செத்து இருபது மிஞ்சியது என்றே வையுங்கள். இன்று பிடித்தால் 200 கிலோ. அன்று 20 கிலோ வீதம் 400 கிலோ. கிலோவுக்கு விலையும் கூடுதல். அதோடு அந்த இருபதில் பாதி பெண் என்றால், அவை முட்டையிடவும் ஆரம்பித்திருக்கும்.

அப்படியானால் ‘இந்த அளவுக்குக் கீழே பிடிக்காதே’ என்று சட்டம் போடலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். சுருக்குமடியில் அது செல்லாது. மீன் கப்பலுக்கு வருமுன்பே செத்துவிடுகிறது. சிறியதைத் திருப்பிக் கடலில் எறிந்தால் பிணத்தைத்தான் எறிகிறோம். அதனால் எறியவே கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். கையில் எஞ்சுவது தெப்பத்தின் எண்ணிக்கையைக் குறைப்பதும், சில மாதம் தெப்பத்தை அணுகாமல் இருப்பதும்தான். இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தின் தலைமையகம் செஷெல்ஸில் விக்டோரியாவில் இருக்கிறது. ஆணையத்தின் கூட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் தகராறு நடப்பது இதைச் சுற்றித்தான்.

ஐரோப்பியக் கப்பலை மட்டும் கைநீட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதையும் இந்த ஊரில் வைத்தே சொல்லிவிடுகிறேன். ஈரான், ஓமான், பாகிஸ்தான், இலங்கை, இந்தியா ஆகிய நாடுகளின் செவுள்வலையில் படும் கேரையிலும் ஒரு மீட்டருக்குக் குறைந்தது நிறைய. தருவைகுளத்துக்காரர்கள் வழிவலை என்ற செவுள்வலையை எடுத்துப் போகிற கடலில் பெரியதும் வரும், சிறியதும் வரும். வலையின் கண்ணளவு எதைத் தடுக்கும், எதை விடும் என்று அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2017இல் பாக் நீரிணை இழுவைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்றும் திட்டம் வந்தபோது தூண்டிலையும் செவுள்வலையையும் சேர்த்தே கொடுத்தார்கள். ஆழத்தில் போடும் தூண்டிலில் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு மேல்தான் படும். தூத்தூர்க்காரர்கள் அதில் கைதேர்ந்தவர்கள். உயிரியல்படி பார்த்தால் என் ஓட்டு தூண்டிலுக்கு. டீசல் கணக்குப் பார்த்தால் என்ன சொல்வீர்கள் என்பது வேறு.

2015இல் கேரையின் இருப்பு அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டது என்று மதிப்பீடு வந்தது. 2016இல் குறைப்புத் திட்டம் கொண்டுவந்தார்கள்: பெரிய அளவில் பிடிக்கும் நாடுகளின் சுருக்குமடிக்கு 15 சதம், செவுள்வலைக்கும் நீள்தூண்டிலுக்கும் 10 சதம். சிலர் குறைத்தார்கள், சிலர் கூட்டினார்கள், மொத்தப் பிடிப்பு வருடத்துக்கு நாலு லட்சம் டன்னுக்கு மேலேயே நின்றது. பிறகு 2024 மதிப்பீட்டில், இருப்பு நல்ல நிலையில் இருக்கிறது, அளவுக்கு மீறிப் பிடிக்கவும் இல்லை என்று முடிவு வந்தது. மீன் திடீரென்று பெருகிவிட்டதா? பெரும்பகுதி, தூண்டில் கப்பல்களின் பிடிப்பு விகிதத்தைக் கணக்கில் எடுத்த முறை மாறியது. வளர்ச்சி வரைகோட்டையும் புதுப்பித்தார்கள். அதே கடல், அதே மீன், கணக்கின் அடிப்படை வேறு. கொண்டாடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வயது வரைகோடு இப்படி அப்படி அசைந்தால் ஆயிரக்கணக்கான டன் அசைகிறது என்பதை மறந்துவிட்டுக் கொண்டாட முடியாது.

அதனால் மீனவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு உட்கார்ந்துவிடுகிறேன். பல நாள் தங்கலுக்குப் போகிற படகில் பெரிய கேரை ஏறியதும் செவுளையும் குடலையும் எடுத்துவிட்டு ஐஸில் வைக்கிறீர்கள். மாமிசம் கெடாமல் இருக்க அதுதான் முறை. குடலோடு சினையும் கடலுக்குப் போய்விடுகிறது. கரையில் நாங்கள் டேப்பை எடுத்துக்கொண்டு நிற்கும்போது நீளம் கிடைக்கும். ஆணா பெண்ணா, சினை எந்தப் பருவம் என்பது கிடைக்காது. நம் கரைக் கேரைகளைப் பற்றி நமக்குத் தெரியாததில் பாதி அந்தக் குடலோடு போனது. சினையை எறியுமுன் மீனுக்குப் பக்கத்தில் வைத்து போனில் ஒரு படம் எடுங்கள்; எந்த நாள், எந்த இடம் என்பது போனிலேயே பதிந்துவிடும். தலையை வெட்டி விற்கிற வியாபாரிகள் தலையைக் கொஞ்சம் மாணவர்களுக்கு ஒதுக்கிக் கொடுங்கள். மண்டையைச் சீவிக் கல் எடுக்க அரைமணி நேரம்கூட ஆகாது. எடுத்ததும் தலையைக் குழம்புக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.